மணல் மூட்டை சேலை கட்டாது

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஊக்கம் தருகிற மாதிரி ஏதாவது எழுதித் தரும்படி உங்கள் அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். என்னிடம் ஊக்கம் கையிருப்பில் இல்லை. ஓய்வு பெற்ற அன்று அடையாள அட்டையோடு சேர்த்து அதையும் வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். இருப்பது, ஒரு மோட்டார் சைக்கிள் கோயில் வாசலில் விழுந்த கதை மட்டும்தான். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸுக்குள் வாசியுங்கள், இருக்க இடம் கிடைத்தால்.

அந்த மோட்டார் சைக்கிளை உங்களுக்குத் தெரியும். தாழ்ந்த இருக்கை, அகன்ற ஹாண்டில், முன்னால் காலை நீட்டி வைத்து ஓடுகிற நடுத்தரக் குரூசர். அதன் ஃபிரேமை, அதாவது மற்றதெல்லாம் தொங்குகிற எலும்புக்கூட்டை, வடிவமைத்த குழுவுக்கு நான் பொறுப்பாக இருந்தேன். எலும்புக்கூட்டை யாரும் பாராட்டுவதில்லை. எல்லாரும் பெட்ரோல் டாங்கைத்தான் தடவிப் பார்ப்பார்கள். இந்தத் துறைக்கு வந்துவிட்டீர்கள், இதற்கு இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

வாகன இறக்குமதி நின்றுபோயிருந்த காலம் அது. அதுவரை கொழும்பில், ஒருகொடவத்தைத் தொழிற்சாலையில் நாங்கள் செய்துவந்தது ஒன்றும் பெரிய எஞ்சினியரிங் இல்லை. கப்பலில் பெட்டி வரும். பெட்டியைத் திறப்போம், உள்ளே இருப்பதைப் பூட்டுவோம், எங்கள் ஸ்டிக்கரை ஒட்டுவோம். அதற்கு உற்பத்தி என்று பெயர் வைத்திருந்தோம். பெட்டி வருவது நின்ற பிறகுதான் எங்களுக்கு எவ்வளவு தெரியாது என்பது எங்களுக்கே தெரிய வந்தது. எஞ்சினையும் சில பாகங்களையும் மட்டும் வெளியிலிருந்து எடுத்து, மீதியை இங்கேயே வடிவமைத்துச் செய்தால் தொழிற்சாலை தப்பும். இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான். வெல்டிங் பகுதியிலும் பெயின்ட் பகுதியிலும் நின்ற அத்தனை பேரும் வீட்டுக்குப் போக வேண்டும். என்னுடைய கதிரையும் அதில் அடக்கம். ஆகையால் நான் ஏதோ உலகத்துக்காகக் கவலைப்பட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

குரூசர்தான் செய்வது என்று முடிவெடுத்தவர் எம்.டி. கொட்டாஞ்சேனைக்காரர். இளமையில் ஒரு பெரிய பைக் வைத்து ஓடியதாக அடிக்கடி சொல்வார். அவர் ஓடியதைப் பார்த்தவர்கள் ஒருவரும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. தோற்றத்துக்குப் பொறுப்பாக ஆதவன் என்ற இளைஞனை அமர்த்தினார். வெளிநாட்டில் வடிவமைப்புப் படித்துவிட்டு வந்தவன். கெட்டிக்காரன் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவன் ஒரு படத்தைக் காட்டத் தொடங்கினால் அதற்கு முன் அரை மணி நேரம் தத்துவம் கேட்க வேண்டும்.

எங்களுக்குள் வந்த முதல் சண்டை, முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கிற ஃபோர்க் பற்றியது. அது நன்றாகச் சாய்ந்து, சில்லு தூரத்தில் போய் நிற்க வேண்டும் என்றான் ஆதவன். படத்தில் பார்க்க உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. சாய்மனைக் கதிரையில் ஒருவர் காலை நீட்டிக்கொண்டு கிடப்பதுபோல. ஆனால் ஃபோர்க் சாயச் சாய, வண்டி மெதுவாகப் போகும்போது ஹாண்டில் ஒரு பக்கம் மடிந்து விழப் பார்க்கும். கொஞ்சம் நிமிர்த்தச் சொன்னேன்.

"அக்கா, இதுக்கு மேல நிமிர்த்தினா இது குரூசர் இல்ல. பால்காரன்ர பைக்," என்றான்.

எம்.டி. அவன் பக்கம் சாய்ந்தார். நானும் பேசிப் பார்த்துவிட்டு, பெரிய தவறில்லை, சமாளிக்கலாம் என்று விட்டேன். இரண்டாவது சண்டை இருக்கையின் நிறம். கறுப்பு ரெக்சின் வேண்டாம், கொழும்பு வெயிலில் அதில் அப்பம் சுடலாம், பழுப்பு போடுவோம் என்றேன். பழுப்பு நிறம் சோபாவுக்குத்தான் சரி என்று சொல்லிவிட்டான். அதிலும் எனக்குத் தோல்விதான்.

வண்டியை ஓடிப் பார்க்கிற வேலை நிஸ்தாருடையது. கிராண்ட்பாஸ்காரர். நாற்பது வயதிருக்கும். எங்களிடம் வருவதற்கு முன் பந்தயமெல்லாம் ஓடியவர். மழை, மேடு, வளைவு, குழி, எல்லாவற்றிலும் ஓடினார். ஒவ்வொரு முறையும் முகம் மலர்ந்து வந்து இறங்குவார்.

"ஒரு குறையும் செல்ல ஏலா மிஸ். கப்பல் மாதிரிப் போகுது. நிப்பாட்ட மனமே வருதில்ல."

பின்னால் ஒருவர் ஏறினால் வண்டி எப்படி நடக்கிறது என்பதையும் பரிசோதித்தோம். நாங்கள் வைத்திருந்த வெளிநாட்டு விதிமுறையில் அதற்கென்று ஒரு நிறை உண்டு. அந்த நிறைக்கு மணல் மூட்டை கட்டி, பின் இருக்கையின் நட்ட நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் கயிற்றால் இழுத்துக் கட்டினோம். மூட்டை ஆடவில்லை, அசையவில்லை, யாரையும் குறை சொல்லவில்லை. அப்படி ஒரு பயணி உலகத்தில் எங்கும் கிடையாது. ஆனால் அது அன்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. நிஸ்தார் இப்போதும் கப்பல் என்றுதான் சொன்னார்.

கடைசியில் ஃபிரேமை உற்பத்திக்கு விடுவிக்கிற பத்திரத்தில் நான் கையெழுத்து வைக்க வேண்டும். கையெழுத்து விழுந்தால் வெல்டிங் தொடங்கலாம். எம்.டி. தன் சாத்திரியாரிடம் கேட்டு நாள் குறித்தார். முதல் வண்டிக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு அம்மன் கோயிலில் பூசை. பூசை முடிந்த கையோடு, சுபநேரம் கழிவதற்குள், அங்கேயே நான் கையெழுத்து வைக்க வேண்டும். பேனையைக்கூட அம்மன் காலடியில் வைத்து எடுத்திருந்தார். ஒரு எஞ்சினியரிங் பத்திரத்துக்கு இவ்வளவு பாதுகாப்பு நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பூசை நாளன்று வண்டிக்கு மாலை போட்டாயிற்று. ஆதவன் மாதக் கணக்கில் மினுக்கி எடுத்த டாங்கில் ஐயர் விபூதியை மூன்று குறியாக இழுத்து, நடுவில் சந்தனமும் வைத்தார். ஆதவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தேங்காய் உடைத்தார்கள். முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தார்கள். வண்டி அதை நசித்துக்கொண்டு போனால் கண்ணூறு போய்விடும் என்பது வழக்கம். நிஸ்தார் கோயில் வாசல் என்பதால் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறியிருந்தார்.

அப்போதுதான் எம்.டி.க்கு ஒரு யோசனை வந்தது. "மனோ, நீரும் பின்னால ஏறும். லட்சுமீகரமா இருக்கும்."

மனோ என்பது அவருடைய மனைவி மனோன்மணி. நாங்கள் மனோக்கா என்போம். ஒரு பெண்கள் பாடசாலையில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். நல்ல உடம்பு, நல்ல குரல். பட்டுச் சேலை, கையில் அருச்சனைத் தட்டு. அவர் வேறு யோசனையே இல்லாமல், நம்முடைய பெண்கள் எப்படி ஏறுவார்களோ அப்படி, இரண்டு காலையும் இடது பக்கம் போட்டுப் பக்கவாட்டில் ஏறி இருந்தார். நிஸ்தார் மெதுவாக வண்டியை விட்டார். தேசிக்காய் நசிந்தது. எல்லாரும் கும்பிட்டோம். ஒழுங்கையிலிருந்து தெருவுக்கு இறங்க ஹாண்டிலை இடப் பக்கம் திருப்பினார்.

வண்டி படுத்துவிட்டது. டமார் என்று விழவில்லை. மெதுவாக, ஒரு மாடு படுக்கிற மாதிரி, யோசித்து யோசித்துப் படுத்தது. மனோக்கா தேங்காய்ச் சிதறல்களுக்கு நடுவில் போய் இருந்தார். முழங்கையில் தோல் உரிந்து இரத்தம் வந்தது. அருச்சனைத் தட்டு மட்டும் கையில் அப்படியே மட்டமாக இருந்தது. ஒரு பூக்கூட விழவில்லை.

அவரைத் தூக்கி எழுப்பியதும் காரணங்கள் வரத் தொடங்கின.

"ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல, தேங்காய்த் தண்ணி வழுக்கினது," என்றார் எம்.டி. வெறுங்காலோடு ஓடினால் இப்படித்தான் என்றான் ஆதவன். "தேசிக்கா உருண்டுட்டு மிஸ்," என்றார் நிஸ்தார். "கண்ணூறு கழிஞ்சுது எண்டு எடுங்கோ. நல்ல சகுனந்தான்," என்றார் ஐயர். தண்ணீர், கால், தேசிக்காய், கண்ணூறு என்று எல்லாவற்றின் மீதும் குற்றம் விழுந்தது. மோட்டார் சைக்கிளின் மீது மட்டும் விழவில்லை. ஒன்றைக் கவனியுங்கள். வேலைத்தலத்தில் ஒரு விபத்து நடந்து, எல்லாரிடமும் ஆளுக்கொரு காரணம் தயாராக இருக்கிறதென்றால், அங்கே இன்னும் ஒருவரும் யோசிக்கத் தொடங்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

விழுந்தவரிடம் யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

"நான் விழேல்ல பிள்ள," என்றார் மனோக்கா, முழங்கையை ஊதிக்கொண்டு. "முதல்ல ஹாண்டில் விழுந்தது. அது விழுந்த பிறகுதான் நான் விழுந்தனான்."

எம்.டி. பத்திரத்தையும் பேனையையும் என்னிடம் நீட்டினார். "நேரம் முடியப் போகுது. முதல்ல கையெழுத்த வையுங்கோ, மற்றதுகளப் பேந்து கதைப்பம்."

இந்த இடத்தில் என் குருவைப் பற்றி ஒரு வார்த்தை. பெயர் சொல்ல மாட்டேன். அவருடைய பிள்ளைகள் இதை வாசிக்கக்கூடும். மருதானையில் நான் முதன்முதல் வேலை பார்த்த இடத்தின் தலைமை எஞ்சினியர். கூட்டங்களில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்குவார். எனக்கு அவர் சொல்லித் தந்தது ஒன்றே ஒன்றுதான்: கையெழுத்துக் கேட்டு யாராவது அவசரம் காட்டி அந்தரப்படுத்தினால், முதலில் போய் ஒரு பிளேன்டீ குடிக்க வேண்டும். குடித்து முடித்த பிறகும் மனம் வந்தால் வைக்கலாம். அவர் எந்த வேலையையும் நேரத்துக்கு முடித்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

"சேர், ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வாறன்," என்றேன்.

"இப்பவா?"

"இப்பத்தான்."

எதிர்த்த பக்கத் தேத்தண்ணிக் கடையில் போய் இருந்தேன். சுபநேரம் போய்க்கொண்டிருந்தது. கோயில் வாசலில் நின்று எம்.டி. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்காமல் இருப்பதற்காகத் தெருவைப் பார்த்தேன். ஒரு மோட்டார் சைக்கிள் போனது, பின்னால் சேலையோடு ஒரு பெண், பக்கவாட்டில், மடியில் பிள்ளை. இன்னொன்று போனது, பின்னால் அபாயாவோடு ஒரு பெண், பக்கவாட்டில், கையில் மரக்கறிப் பை. அதற்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டர், அதிலும் அப்படித்தான். மணல் மூட்டையைப் போல நடுவில் ஒருத்தியும் இல்லை. மணல் மூட்டை சேலை கட்டாது. கட்டுகிறவர்கள் எங்கே, எப்படி இருப்பார்கள் என்பதை அந்த வெளிநாட்டு விதிமுறையை எழுதினவன் எங்கே கண்டான். நாங்கள் ஒவ்வொரு நாளும் கண்டோம். எங்கள் குழுவில் கலியாணம் முடித்த ஒவ்வொருவரும் மனைவியைப் பின்னால் இப்படித்தான் ஏற்றிக்கொண்டு போனவர்கள். என் கணவர் இருந்த காலத்தில் வெள்ளவத்தையிலிருந்து, காலி வீதி என்கிற அந்த நெரிசல் பெருந்தெரு முழுக்க நானும் இப்படித்தான் போயிருக்கிறேன். பட்டறை வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் இதெல்லாம் எங்கள் தலையிலிருந்து கழன்று விழுந்துவிடும்போல.

தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். கையெழுத்து வைக்க மனம் வரவில்லை. வெறும் ஊகத்தை வைத்து ஒரு தொழிற்சாலையை நிறுத்தவும் முடியாது. "சேர், பின்னேரம் சொல்லுறன்," என்று சொல்லிவிட்டு, அவர் வாயைத் திறப்பதற்குள் நிஸ்தாரையும் வண்டியையும் லொறியில் ஏற்றிக்கொண்டு ஒருகொடவத்தைக்குப் போய்விட்டேன்.

அங்கே கொள்கலன்கள் அடுக்கிய முற்றம், காய்ந்த கொங்கிரீட். தேங்காய்த் தண்ணீர் இல்லை, தேசிக்காய் இல்லை, கண்ணூறு போட ஆளும் இல்லை. நிஸ்தாரைச் சப்பாத்து மாட்டச் சொன்னேன். சாக்குச் சொல்ல ஒன்றும் மிச்சம் இருக்கக் கூடாது. பிறகு நானே பின்னால் ஏறி, மனோக்கா இருந்த மாதிரிப் பக்கவாட்டில் இருந்தேன்.

"மிஸ், நீங்க ஏற வாணாம். விழுந்தா எனக்குத்தான் ஏச்சு."

"விழுந்தா நானும் சேர்ந்து ஏசுவன். மெதுவா ஓடி இடப் பக்கம் திருப்புங்கோ, பாப்பம்."

திருப்பினார். என் பாரம் இடது பக்கம் இழுக்க வண்டி சாய்ந்தது. சாய்ந்த பக்கம் ஹாண்டில் தானாக மடிந்தது. மடிந்ததும் வண்டி இன்னும் சாய்ந்தது. நிஸ்தார் பந்தயம் ஓடிய கையால் பல்லைக் கடித்து இழுத்து நிறுத்தினார். முன்னால் நீட்டி வைத்திருந்த கால் நிலத்துக்கு வர ஒரு கணம் பிந்தியது. மறுபடி செய்தோம். மறுபடியும் அதேதான். வேகமாகப் போனால் ஒன்றுமில்லை. மெதுவாகத் திருப்பும்போதுதான் இந்தச் சேட்டை. கொழும்பில் மெதுவாகத் திருப்பாமல் எவன் வீடு போய்ச் சேருகிறான்?

நிஸ்தார் இறங்கி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு நின்றார். "தனிய ஓடக்குள்ள இது இப்பிடிச் செய்யவே இல்லயே மிஸ்," என்றார். "நான் கப்பல் கப்பல் எண்டு செல்லிட்டேனே."

எனக்கு அப்போது பயம் வந்தது. இரண்டு பயம். நான் 'வேண்டாம்' என்றால், முற்றத்துக்கு அந்தப் பக்கம் வெல்டிங் வேலைக்குக் காத்திருப்பவர்களுக்கு வேலை இல்லை. 'ஓம்' என்றால், என்றைக்கோ ஒரு நாள் காலி வீதியில், மடியில் பிள்ளையோடு இருக்கிற ஒருத்தி பஸ் சில்லுக்கு முன்னால் மெதுவாகப் படுப்பாள். முதலாவதைச் சொன்னால் எல்லாரும் என்னை ஏசுவார்கள். இரண்டாவதைச் சொன்னால் ஒருவரும் ஏச மாட்டார்கள், தண்ணியில் வழுக்கியது என்பார்கள். என்னைப் பயமுறுத்தியது அந்த இரண்டாவதுதான்.

பின்னேரம் எம்.டி.யின் அறைக்குப் போனேன். ஆதவனும் வந்தான். மனோக்கா முழங்கையில் பிளாஸ்டருடன் மூலைக் கதிரையில் இருந்தார், கணவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வந்தவர். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஃபோர்க்கை நிமிர்த்த வேண்டும், அதற்கு, ஃபோர்க் பூட்டியிருக்கிற ஃபிரேமின் கழுத்தை வெட்டித் திரும்பச் செய்ய வேண்டும், பின் இருக்கையையும் முன்னால் கொண்டுவர வேண்டும்.

எம்.டி. கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். "இப்ப நிப்பாட்டினா டீலர்மாருக்கு நான் என்ன சொல்லுறது? வெளியில நிக்கிற பெடியளுக்கு என்ன சொல்லுறது?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். "இந்தக் காலத்தில ஆர் சீலையோட பைக்கில ஏறுகினம்? எல்லாரும் ஜீன்ஸ்தானே."

"வெள்ளிக்கிழமையில கோயிலடிக்கு வந்து பாருங்கோ," என்றார் மூலையிலிருந்து மனோக்கா.

ஆதவன் ஒரு வழி சொன்னான். "ஒரு வார்னிங் ஸ்டிக்கர் ஒட்டுவம். பக்கவாட்டில இருக்க வேண்டாம் எண்டு, பின் சீற்றில."

"அதை நான் எப்பிடித் தம்பி வாசிக்கிறது? அதுக்கு மேலதானே இருப்பன்."

எம்.டி. என் பக்கம் திரும்பினார். "நீங்கள் வைக்காட்டி வேற ஆளைக் கொண்டு கையெழுத்து வைப்பிக்க எனக்குத் தெரியும்."

"தெரியும் சேர். வைப்பியுங்கோ. ஒண்டு மட்டும் கேக்கிறன். வெளியீட்டு நாளில, முதல் வண்டியில, மனோக்காவப் பின்னால இருத்திக்கொண்டு கொட்டாஞ்சேனையிலயிருந்து வெள்ளவத்தை வரைக்கும் நீங்களே ஓடுவீங்களே?"

அவர் மனைவியின் முழங்கைப் பிளாஸ்டரைப் பார்த்தார். நான் கெட்டிக்காரத்தனமாக ஏதோ கேட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அந்தக் கேள்வி வாயிலிருந்து வந்த பிறகுதான் அதன் பாரம் எனக்கே தெரிந்தது.

"இஞ்சருங்கோ," என்றார் மனோக்கா. "ஓம் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. நான் ஏற மாட்டன்."

எம்.டி. பத்திரத்தை மடித்து மேசை லாச்சிக்குள் போட்டார். வெளியீடு தள்ளிப் போனது.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் இனிமையானவை என்று சொன்னால் பொய். டீலர்களில் சிலர் விலகினார்கள். தொழிற்சாலையில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருப்பதற்காக எம்.டி. சுவருக்குப் பெயின்ட் அடிக்கச் சொன்னார். அடித்த சுவருக்கே மறுபடியும் அடித்தார்கள். சாப்பாட்டு அறையில் நான் போய் இருக்கிற மேசையிலிருந்து ஆட்கள் எழுந்து போனார்கள். நெஞ்சு நொந்தது. அதை மறைத்து உங்களுக்கு வீரக்கதை சொல்ல எனக்கு விருப்பமில்லை. சரியானதைச் செய்தால் நிம்மதியாகத் தூக்கம் வரும் என்பார்கள். எனக்கு வரவில்லை.

பரிசோதனைக்கு மணல் மூட்டையை நிறுத்திவிட்டோம். பின்னால் யாரை இருத்துவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மனோக்கா தானாகவே ஒரு நாள் காலையில் சேலையோடு ஒருகொடவத்தைக்கு வந்து இறங்கினார். "வீட்டில இருந்து அலுத்துப்போச்சு. எங்க ஏற வேணும்?" என்றார். தலைக்கவசத்தைக் கொண்டைக்கு மேல் எப்படி மாட்டுவது என்பதே முதல் நாளின் பெரிய எஞ்சினியரிங் பிரச்சினையாக இருந்தது.

அடுத்தது அவருடைய நிறை. கணக்குப் போட அது வேண்டும். எம்.டி.யின் மனைவியிடம் நிறை கேட்க எவனுக்கும் துணிவில்லை. சில்லுக்குக் கீழே வைக்கிற தராசில் வண்டியை மட்டும் ஏற்றி ஒருமுறை பார்த்தோம். பிறகு, "வண்டி சமநிலையில நிக்குதோ எண்டு பாக்கிறம் அக்கா," என்று சொல்லி அவரையும் ஏற்றிப் பார்த்தோம். இறங்கியவர் சேலையைச் சரிசெய்துகொண்டு ஆதவனைப் பார்த்தார்.

"கழிச்சாச்சோ தம்பி?"

ஆதவனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"முப்பது வருசம் கழித்தல் படிப்பிச்சனான். விடையை ஆருக்கும் சொல்லிப்போடாதையும்."

அன்றிலிருந்து ஆதவன் அவருடைய ஆள் ஆகிவிட்டான். ஃபோர்க்கை நிமிர்த்திய பிறகு வண்டி உண்மையாகவே பால்காரன் பைக்போலத்தான் நின்றது. அவன் சில நாள் சாப்பிடாமல் திரிந்தான். பிறகு டாங்கின் அடிக்கோட்டைப் பின்பக்கம் இறக்கி, முன் விளக்கைத் தாழ்த்தி, பார்க்கிறவன் கண்ணுக்குப் பழையபடி சாய்ந்து கிடப்பதுபோல் ஆக்கினான். "கண்ண ஏமாத்தலாம் அக்கா. சில்ல ஏமாத்த ஏலாது," என்றான். அவன் சொன்ன தத்துவங்களில் சுருக்கமானது அதுதான். நல்லதும் அதுதான். நீங்கள் இன்று பார்த்து ரசிக்கிற அந்தத் தோரணை அப்படி வந்ததுதான்.

நிமிர்த்திய வண்டியிலும் மனோக்கா முதலில் நிஸ்தாரின் சட்டையை ஒரு கையாலும் இருக்கைப் பிடியை மறு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். நாங்கள் வண்டியின் சாய்வை அளக்கிற அளவிகளை ஒட்டி, கணினியில் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கோடு நன்றாகத்தான் இருந்தது. அவர் பிடியை விடவில்லை. கழுத்தை இன்னும் கொஞ்சம் மாற்றினோம், இருக்கையை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினோம், இடது பக்கம் இரண்டு பாதமும் வைக்கிற மாதிரிப் பலகை போட்டோம். ஒரு நாள் முற்றத்தைச் சுற்றும்போது அவருக்குப் போன் வந்தது. தங்கச்சி. யாரோ ஒரு பிள்ளையின் கலியாணப் பேச்சு. மனோக்கா பிடியை விட்டுவிட்டுப் போனைத் தலைக்கவசத்துக்குள் செருகிக்கொண்டு, மற்றக் கையை ஆட்டி ஆட்டிக் கதைத்தார். நிஸ்தார் மெதுவாகவும் இன்னும் மெதுவாகவும் கொள்கலன்களுக்கு நடுவில் இடமும் வலமுமாகத் திருப்பினார். மாப்பிள்ளைக்குக் கனடாவில் என்ன வேலை என்பது தெளிவாகும்வரை அவர் வண்டியை நிறுத்தவில்லை. மனோக்கா ஒன்றையும் கவனிக்கவில்லை.

நான் மேசைக்குப் போய் ஒரு பிளேன்டீ குடித்தேன். பிறகு கையெழுத்து வைத்தேன்.

இரண்டாவது பூசை அதே கோயிலில், அதே ஐயரோடு. விபூதி, மாலை, தேங்காய், தேசிக்காய். இந்த முறை ஐயர் தேங்காயை வண்டியிலிருந்து நன்றாகத் தள்ளி உடைத்தார். நிஸ்தார் ஏறப் போனார். எம்.டி. அவருடைய தோளில் கை வைத்து விலக்கிவிட்டுத் தானே ஏறினார். நான் சொன்னேனே, அவர் பைக் ஓடியதைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. மனோக்கா பின்னால் பக்கவாட்டில் ஏறி இருந்தார். தேசிக்காய் நசிந்தது. ஒழுங்கை முனையில் வண்டி இடப் பக்கம் திரும்பியது. திரும்பியது போய்க்கொண்டே இருந்தது, தெருவில் இறங்கி, மறைந்துவிட்டது.

நாங்கள் காத்திருந்தோம். கற்பூரம் அணைந்தது. ஐயர் அடுத்த பூசைக்கு நேரமாகிறது என்றார். நிஸ்தார் தெருவுக்கும் வாசலுக்குமாக நடந்தார். கடைசியில் வண்டி எதிர்ப் பக்கத்தால் வந்தது. மனோக்காவின் மடியில் ஒரு பார்சல், வடை. இரண்டு பேரும் ஊரைச் சுற்றிவிட்டு வருகிறார்கள். எம்.டி. வடைப் பார்சலைப் பிரித்து முதலாவதை என்னிடம் தந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உறைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

மனோக்கா மட்டும் இறங்கி நின்று சேலையின் பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சரி பிள்ள. ஆனா உந்தச் சீற் சுடுது. தோசைக்கல்லில இருந்த மாதிரிக் கிடக்கு."

நான் ஆதவனைப் பார்த்தேன். "அடுத்த மொடலில பாப்பம் அக்கா," என்றான்.

அந்த அடுத்த மொடல்தான் இப்போது உங்கள் மேசையில் இருப்பது. வரைபடத்தில் இருக்கை இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். போன கிழமை மனோக்கா எனக்குப் போன் எடுத்து, இப்போது அதற்கு யார் பொறுப்பு என்று விசாரித்தார். உங்கள் எல்லாருடைய பெயரையும் கொடுத்திருக்கிறேன். சேலையோடுதான் வருவார்.